வாசலில் வெயில், ஊஞ்சலில் நிழல்: கல்யாணப் படங்களில் எக்ஸ்போஷர் பிளெண்டிங்

ஐயர், ஐயங்கார் வீட்டுக் கல்யாணங்களைப் படம் எடுப்பவர்களுக்கு ஊஞ்சல் என்றாலே கொஞ்சம் தலைவலிதான். பாட்டு, பாலும் பழமும், பிடி சுற்றுவது எல்லாம் பார்க்க அழகு. ஆனால் ஊஞ்சலைக் கட்டுவது பெரும்பாலும் மண்டபத்து முகப்பில், இல்லாவிட்டால் வாசலை ஒட்டிய கூடத்தில். பொண்ணும் மாப்பிள்ளையும் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் திறந்த வாசல், அதற்கு அப்பால் காலை வெயிலில் சிமென்ட் தரையும் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கார்களும் கண்ணைக் கூசும். முகத்துக்கு அளந்து எடுத்தால் வாசல் வெறும் வெள்ளைத்தாள். வாசலுக்கு அளந்து எடுத்தால் ஊஞ்சலில் இரண்டு கரிய உருவங்கள்.

இதற்கு மருந்தாகப் பலரும் சொல்வது எக்ஸ்போஷர் பிளெண்டிங். ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில், அதாவது சென்சாரில் விழும் ஒளியின் அளவைக் கூட்டியும் குறைத்தும், இரண்டு மூன்று தடவை எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதியை மட்டும் எடுத்து ஒரே படமாகச் சேர்ப்பது. நிலக்காட்சி எடுப்பவர்களும் கட்டடங்களை எடுப்பவர்களும் இதில் கைதேர்ந்தவர்கள், இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை அவர்களுக்காக எழுதப்பட்டவை. மலை அசையாது. கல்யாண வீட்டில் அசையாதது தூண் மட்டும்தான். அந்தப் பாடங்களை அப்படியே மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் மூன்று கையுள்ள மாமியும் பாதி மறைந்த நாதஸ்வரக்காரரும்தான் மிச்சம். அதனால் கல்யாணத்துக்கு என்று நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றே ஒன்று: ஆட்கள் எல்லோரும் ஒரே ஃப்ரேமிலிருந்து, அதாவது ஒரே கிளிக்கிலிருந்து, வர வேண்டும், மற்ற ஃப்ரேம்கள் இடத்துக்கு மட்டும். கீழே வருவதெல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த விதியின் விளக்கம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் "ரொம்ப கான்ட்ராஸ்ட்" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. நல்ல வெயிலுக்கு எல்லோருக்கும் தெரிந்த பழைய கணக்கு ஒன்று உண்டு: அப்பெர்ச்சர் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் கிட்டத்தட்ட 1/125. காட்சியின் வெளிச்சத்தை ஒரே எண்ணாகச் சொல்லும் எக்ஸ்போஷர் வேல்யூ என்ற அளவில் இது 15. மண்டபத்துக்குள், மேடையிலிருந்து தள்ளி, டியூப் லைட் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, 1/125 என்று வைத்துப் பழகியிருப்பீர்கள், அது ஏறக்குறைய 6. நடுவில் 9 ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரண்டு மடங்கு என்பதால் வெளியே இருக்கும் வெளிச்சம் உள்ளே இருப்பதைப்போல 512 மடங்கு.

இது வெளிச்சத்தின் வித்தியாசம் மட்டும். அந்த வெளிச்சம் விழும் பொருள்களுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. வெள்ளை வேட்டி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், எண்ணெய் வைத்துப் பின்னிய கருங்கூந்தல் மிகக் கொஞ்சத்தைத்தான் அனுப்பும், ஒரே விளக்கின் கீழே நின்றாலும் இவை இரண்டுக்கும் நடுவே 4, 5 ஸ்டாப் வந்துவிடும். வெயிலில் நிற்கும் மாமாவின் வேட்டியும் உள்நிழலில் இருக்கும் பொண்ணின் பின்னலும் ஒரே படத்தில் வர வேண்டும் என்றால் மொத்தம் 13, 14 ஸ்டாப் தேவை.

இன்றைய ஃபுல் ஃப்ரேம் கேமராக்களின் விளம்பரத்தில் 14 ஸ்டாப் டைனமிக் ரேஞ்ச் (ஒரே படத்தில் பிடிக்கக்கூடிய வெளிச்ச வித்தியாசம்) என்று போட்டிருக்கிறதே, அப்போது என்ன பிரச்சினை? அந்த எண் ஐஎஸ்ஓ 100க்கு உரியது. அதிலும் கடைசி மூன்று நான்கு ஸ்டாப் சோதனைக்கூடத்துக் கருவிக்குத் தெரியும் தகவல், அதைத் தூக்கி முகமாகக் காட்டினால் நாய்ஸ் என்னும் மணல்போன்ற புள்ளிகள் மண்டிக்கிடக்கும். ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கழன்றுபோகும், அதுவும் வெளிச்சமான பக்கத்திலிருந்து. மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ 1600, 3200 என்று வேலை செய்பவர் கையில் 14 ஸ்டாப் கிடையாது, 10 சொச்சம்தான். கண்ணுக்கு இந்தச் சிக்கலே தெரிவதில்லை, ஏனென்றால் நாம் ஒரு காட்சியை ஒரே பார்வையில் பார்ப்பதில்லை: முகத்தைப் பார்க்கும்போது முகத்துக்கும், வாசலைப் பார்க்கும்போது வாசலுக்கும் கண் தன்னைச் சரிசெய்துகொள்ள, மூளை இரண்டையும் சேர்த்து ஒரே படமாக நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒருவிதத்தில் பிளெண்டிங் என்பதே அந்த வேலையைக் கையால் செய்வதுதான்.

யோசனை புதிதும் இல்லை. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடல் காட்சிகளை எடுத்தபோது இதே இடத்தில்தான் மாட்டினார். அன்றைய கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மட்டும் அதீத உணர்வு கொண்டவை, கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, தொடுவானத்தில் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். சேர்த்த இடம் நேர்கோடாக, அசையாத கோடாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். தையலை எங்கே போட வேண்டும் என்பதற்கு இன்றைக்கும் அதைவிட நல்ல பாடம் இல்லை.

டிஜிட்டலில் இது இரண்டு வழியாக வந்தது. 1997ல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் பல எக்ஸ்போஷர்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவுகளைக் கணக்கிட்டு ஒரே கோப்பாக்கும் முறையை வெளியிட்டார்கள். அதுதான் எச்டிஆர், அதாவது ஹை டைனமிக் ரேஞ்ச். அந்தக் கோப்பில் இருப்பதை எந்தத் திரையும் காட்டாது என்பதால் டோன் மேப்பிங் என்று சுருக்க வேண்டும், அந்தச் சுருக்கலை ஆளாளுக்குப் பிழிந்ததால் ஒரு காலத்தில் வந்த படங்கள் நினைவிருக்கிறதா? வானம் முழுக்கக் கருமேகம், ஆட்களைச் சுற்றி ஒளிவட்டம், முகத்தில் புழுதி அப்பியதுபோல. இரண்டாவது வழி 2007ல் மெர்டென்ஸ், காவ்ட்ஸ், வான் ரீத் மூவரும் சொன்ன எக்ஸ்போஷர் ஃப்யூஷன். இதில் ஒளியைக் கணக்கிடும் வேலையே இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் எந்தப் புள்ளி அதிகம் வெளுக்காமலும் கருக்காமலும், நிறத்தோடும் விவரத்தோடும் இருக்கிறதோ அதற்கு அதிக மதிப்புக் கொடுத்து நேரடியாகக் கலந்துவிடும். பார்க்க இயல்பாக இருக்கும். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே உள்ளதில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று வரையும் லேயர் மாஸ்க்கில் கையால் செய்வது இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது, மதிப்புப் போடுவது நிரலுக்குப் பதில் நாம்.

போன்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் இப்போது பொண்ணு வீட்டுக்காரர்கள் நேராகவே கேட்கிறார்கள்: "என் போன்ல வாசலும் தெரியுது, முகமும் தெரியுது, உங்க கேமரா இவ்ளோ விலைங்கறீங்க, அதுல ஏன் தம்பி தெரியல?" நியாயமான கேள்வி. கூகுள் தன் எச்டிஆர் பிளஸ் முறையை 2016ல் விளக்கமாக வெளியிட்டது. அன்றைய அந்த முறையில் போன் வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுக்கவே இல்லை. எல்லா ஃப்ரேமையும் ஒரே அளவில், வேண்டுமென்றே இருட்டாக, சரசரவென்று எடுத்தது. எதுவும் வெளுக்காது. எல்லாம் ஒரே அளவில் இருப்பதால் ஒன்றோடொன்று பொருத்துவது சுலபம், அசைந்த பகுதியைக் கண்டுபிடித்து ஒதுக்குவதும் சுலபம். பல ஃப்ரேம்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதால் நாய்ஸ் குறையும், அப்புறம் நிழலைத் தூக்கினால் தாங்கும். சின்ன சென்சாரின் பலவீனத்தைக் கணக்கால் ஈடுகட்டும் வித்தை. நம் கேமரா இந்தக் கணக்கைப் போடாமல் கச்சாப் பொருளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, மிச்சத்தை நாம்தான் செய்ய வேண்டும். ஆனால் போன்காரர்களிடமிருந்து ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளலாம்: ஆட்கள் அசையும் இடத்தில் அந்த முறையில் அவர்களும் வேறு வேறு எக்ஸ்போஷர்களை நம்பவில்லை.

சரி, ஊஞ்சலுக்கு வருவோம்.

ஊஞ்சல் ஆடும், சுற்றிலும் பெண்கள் விளக்கோடு வலம் வருவார்கள். இதில் கேமராவை, அதுவே எக்ஸ்போஷரை மாற்றி மாற்றி எடுக்கும் பிராக்கெட்டிங்கில் போட்டு மூன்று தடவை அடித்தால் மூன்று ஃப்ரேமிலும் மூன்று காட்சி. அதனால் வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஊஞ்சல் ஆரம்பிக்கும் முன், அல்லது பாட்டுக்கு நடுவே கூட்டம் விலகும் ஒரு நிமிடத்தில், கேமராவை டிரைபாடிலோ மோனோபாடிலோ நிறுத்தி இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசல், வெளியே தெரியும் தெரு, வாழைமரம், தோரணம், தூண். அப்புறம் அதே இடத்தில் அதே லென்ஸில் அதே ஃபோக்கல் லெங்த்தில் ஆட்களோடு எடுக்கலாம். ஜூம் லென்ஸ் என்றால் வளையத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், கை பட்டு இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பொருத்தும்போது தூணின் விளிம்பு இரட்டையாகத் தெரியும்.

எண்களாகச் சொன்னால், முகப்பில் நிழல் மண்டபத்தின் உள்ளளவுக்கு மோசம் இருக்காது, எக்ஸ்போஷர் வேல்யூ 9 என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 400, எஃப் 4, 1/125 ஆட்களுக்கு. அதே ஐஎஸ்ஓ, அதே அப்பெர்ச்சரில் 1/4000 வாசலுக்கு, இது 5 ஸ்டாப் கீழே. நடுவில் 1/800ல் ஒன்று. வெயில் 15 என்றால் 1/4000ல் எடுத்தது 14க்கு உரியது, அதாவது வெளியே ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சமாகவே இருக்கும். அது வேண்டும் என்றே விட்டது. வெளியே வெயில் அடிக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவில் வந்துவிட்டால் வாசலில் யாரோ பேனர் கட்டியதுபோல் ஆகிவிடும், நான் பார்க்கும் பிளெண்ட் படங்களில் பாதிக்கு மேல் விழுவது இந்தக் குழியில்தான்.

மாற்றுவது ஷட்டர் ஸ்பீடை மட்டும். அப்பெர்ச்சரை மாற்றினால் பின்னணி மங்கும் அளவு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும், விளிம்புகள் பொருந்தாது. விளக்கின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கக்கூடாது, ஃபோகஸை ஒருமுறை வைத்துப் பூட்டிவிட வேண்டும், கேமராவின் ஆக்டிவ் டி லைட்டிங், டிஆர்ஓ மாதிரி தானாகச் சரிசெய்யும் வசதிகளை அணைத்துவிட வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம், ஒருமுறை பழகினால் கை தானாகச் செய்யும்.

பெரிய விஷயம் மல்லிகைப்பூ. ஆட்களின் ஃப்ரேமில் வாசல் 6 ஸ்டாப் மிஞ்சிய வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும், அந்த வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறி, தலைமுடியின் ஓரத்தையும் பூச்சரத்தின் ஓரத்தையும் தின்றுவிடும். மாஸ்க் எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் அந்த ஓரத்தில் தகவலே இல்லை. பிரஷ்ஷை மெதுவாக வைத்தால் தலையைச் சுற்றி வெள்ளை வட்டம், கூர்மையாக வைத்தால் கத்தரித்து ஒட்டிய காலண்டர் படம். இதற்கு போட்டோஷாப்பில் வித்தை தேடுவதைவிட எடுக்கும்போதே இரண்டு அடி நகர்வது நல்லது: தலைகள் தூணுக்கோ கதவு நிலைக்கோ முன்னால் வரட்டும், வாசல் பக்கவாட்டில் தெரியட்டும். தையல் அப்போது நிலைக்கதவின் நேர்கோட்டில் விழும், லெ கிரேயின் தொடுவானம்போல. நகர இடமே இல்லை என்றால் ஆட்களின் ஃப்ரேமை ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுத்து அப்புறம் தூக்குங்கள், ஐஎஸ்ஓ 400ல் அது தாங்கும், ஒளி ஓரத்தைத் தின்பதும் குறையும்.

இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது, அது பிளெண்டிங்கே இல்லை. ஒரு ஃபிளாஷை குடையில் போட்டு ஊஞ்சலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தினால் ஆட்கள் மேல் 2, 3 ஸ்டாப் வெளிச்சம் ஏறிவிடும். ஆட்களுக்கும் வாசலுக்கும் நடுவே உள்ள வெளிச்ச இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கும். 5 ஸ்டாப் தையலைவிட 2 ஸ்டாப் தையல் பல மடங்கு சுலபம். ஆனால் ஃபிளாஷ் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டரின் உச்ச வேகம், பெரும்பாலான கேமராக்களில் 1/200, 1/250 அளவில் நின்றுவிடும், அதைத் தாண்டி ஹை ஸ்பீட் சிங்க் போனால் ஃபிளாஷின் பலம் வெகுவாகக் குறையும். ஆகவே ஃபிளாஷ் அடித்தது ஆட்களின் ஃப்ரேம், அடிக்காதது வாசலின் ஃப்ரேம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. சில மாமாக்களுக்கு அந்தக் குடை காலில் தட்டும், ஓரமாக நிற்க ஒரு அசிஸ்டென்ட் தேவை.

மேடைக்குப் போனால் கதையே வேறு. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்க அட்சதை பறக்கும், அந்தச் சில நொடிகளில் பிராக்கெட்டிங் என்ற பேச்சுக்கே இடமில்லை, கேமரா சமைக்காமல் கொடுக்கும் ஒரே ரா ஃபைலில் முடித்தாக வேண்டும். இங்கே வெளிச்சத்தின் தலைவலி வாசலில் இல்லை, வீடியோக்காரரின் எல்இடி பேனலில் இருக்கிறது. அது நேராகப் பொண்ணின் நெற்றியில் அடிக்கும், பக்கத்தில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும் சாஸ்திரிகளின் தோளில் பளபளக்கும், மேடையின் பின்வரிசையில் நிற்கும் அத்தைமார்கள் இருட்டில். எதற்கு அளப்பது? எது வெளுத்தால் திரும்பக் கிடைக்காதோ அதற்கு. நெற்றி, வேட்டி, கூரைப்புடவை. நகையில் மின்னும் புள்ளிகள் வெளுத்தால் வெளுக்கட்டும், தங்கம் மின்னுவதே அப்படித்தான். நிகான் 2014ல் டி810 கேமராவில் கொண்டுவந்த, வெளிச்சமான பகுதி வெளுக்காதபடி அளக்கும் ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங் மாதிரி வசதி உங்கள் கேமராவில் இருந்தால் மேடைக்கு அது நல்ல துணை.

கூரைப்புடவையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரக்குச் சிவப்புப் பட்டின்மேல் மஞ்சள் சாயலுள்ள விளக்கோ இளஞ்சிவப்பு எல்இடியோ விழுந்தால், மொத்த எக்ஸ்போஷர் சரியாக இருக்கும்போதே சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில் சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்துவிடும். படத்தில் புடவை ஒரே சிவப்புத் திட்டாக வரும், மடிப்பும் இல்லை, நெசவும் இல்லை, ஜரிகையின் ஓரம் கரைந்து கிடக்கும். கேமராவின் பின்னால் தெரியும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் ரா ஃபைலிலிருந்து வருவது இல்லை, வொயிட் பேலன்ஸ் போட்டுச் சமைத்த ஜேபெக்கிலிருந்து வருவது. வெள்ளை ஹிஸ்டோகிராமை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது, மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றி வையுங்கள். குங்குமம், செவ்வந்தி, ரோஜா மாலை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அந்த ஒரு ரா ஃபைலை இரண்டு விதமாக டெவலப் செய்து, இரண்டையும் லேயராக வைத்துக் கலப்பதையும் பிளெண்டிங் என்றுதான் சொல்கிறார்கள். இதில் புதிய தகவல் எதுவும் வந்துவிடாது, ரா ஃபைலில் இல்லாதது எத்தனை முறை டெவலப் செய்தாலும் இல்லைதான். நிழலைத் தூக்க, வெளிச்சத்தை அடக்க மட்டும் என்றால் லைட்ரூமில் 2021லிருந்து வந்திருக்கும் தானியங்கி மாஸ்க்கே போதும். இரட்டை டெவலப் உண்மையில் ஜெயிக்கும் இடம் நிறம். மேடையில் மஞ்சள் விளக்கு, பக்கத்து ஜன்னல் வழியாக நீலப் பகல் வெளிச்சம், இரண்டும் ஒரே முகத்தின் இரண்டு கன்னங்களில். ஒன்றை 3200 கெல்வினுக்கும் இன்னொன்றை 5500 கெல்வினுக்கும் டெவலப் செய்து, மூக்குத்தண்டு வழியாக மென்மையாக மாஸ்க் இழுத்தால் அந்த நீலக்கன்னம் போய்விடும். முழுக்கப் போக்காமல் கொஞ்சம் விட்டுவைத்தால் இன்னும் இயல்பு.

ரிசப்ஷன் மேடை. எல்இடி சுவர், வண்ணம் வீசும் பார் லைட், கூரிய கற்றையாகச் சுழலும் ஷார்பி விளக்கு. இங்கே நான் மேலே சொன்ன "ஷட்டரை மட்டும் மாற்று" என்ற விதி தலைகீழாகிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1/1000ல் எடுக்கும் ஃப்ரேமுக்கு அந்த மினுக்கலின் ஒரு துண்டு மட்டும் கிடைக்கும்: ஒரு ஃப்ரேம் பிரகாசம், அடுத்தது மங்கல், நிறமும் மாறியிருக்கும். எலக்ட்ரானிக் ஷட்டரில் என்றால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும், ஏனென்றால் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. இப்படி வந்த மூன்று ஃப்ரேம்களை எந்த மென்பொருளும் ஒழுங்காகச் சேர்க்காது. அதனால் எல்இடியின் கீழே மெக்கானிக்கல் ஷட்டர், 1/50 அல்லது 1/100, அதை அசைக்காமல் ஐஎஸ்ஓவை மாற்றி எக்ஸ்போஷரை ஏற்றி இறக்குங்கள். பார் லைட்டுகளுக்கு இது எல்லா நேரமும் பலிக்காது, மங்கலாக்கும்போது அவை தங்களுக்கென்று ஒரு வேகத்தில் மினுங்கும். ஆரம்பிக்கும் முன் காலி மேடையை நாலைந்து ஷட்டர் வேகங்களில் எடுத்துப் பார்த்தால் எந்த வேகம் சுத்தமாக வருகிறது என்று தெரிந்துவிடும். மண்டபத்து லைட்காரரிடம் சிரித்துப் பேசி எல்இடி சுவரின் பிரைட்னஸைப் பாதியாகக் குறைக்கச் சொல்ல முடிந்தால் பிளெண்டிங்குக்கே வேலை இருக்காது. அந்தச் சிரிப்புக்கு ஒரு மணிநேர எடிட்டிங் மிச்சம்.

மண்டபத்துக்கே உரிய இரண்டு எதிரிகள் உண்டு, வெளிநாட்டுப் பாடங்களில் இவை வராது. ஒன்று சீலிங் ஃபேன். வேகமான ஷட்டரில் இறக்கை நின்றிருக்கும், மெதுவானதில் வட்டமாகக் கரைந்திருக்கும், தானாகச் சேர்க்கும் எச்டிஆர் மெர்ஜ் இரண்டையும் குழப்பி மேலே ஒரு சாம்பல் திட்டை உண்டாக்கும். லைட்ரூமில் டீகோஸ்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வைக்கலாம், அது ஒரு ஃப்ரேமிலிருந்து மட்டும் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளும். ஆனால் எந்த ஃப்ரேம் என்பதை அது தீர்மானிக்கும், நீங்கள் இல்லை, சில நேரம் இருட்டு ஃப்ரேமிலிருந்து எடுத்து அந்த இடத்தில் மட்டும் நாய்ஸைக் கொட்டிவிடும். கையால் மாஸ்க் போடுவது இதனால்தான் இன்னும் செத்துப்போகவில்லை. இன்னொரு எதிரி ஹோமப் புகை. புகை நகரும் என்பது ஒன்று, பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் மொத்த நிழலையும் பால்போல் வெளுக்கவைக்கும் என்பது இன்னொன்று. புகையுள்ள ஃப்ரேமையும் புகையில்லாத ஃப்ரேமையும் கலந்தால் கருப்பு எங்குமே கருப்பாக இருக்காது. ஹோமம் நடக்கும்போது பிளெண்டிங்கை மறந்துவிடுங்கள். புகை தானே கான்ட்ராஸ்டைக் குறைத்துவிடுகிறது, அதை நமக்குச் சாதகமாக வைத்துக்கொண்டு ஒரே ஃப்ரேமில் எடுத்தால் போதும்.

தானாகச் சேர்ப்பதா, கையால் சேர்ப்பதா என்று கேட்பவர்களுக்கு: காலி மண்டப அலங்காரம், மணவறை, கோலம், சீர்வரிசைத் தட்டு, ஜன்னலோரம் வைத்து எடுக்கும் நகை, இதெல்லாம் அசையாது, எச்டிஆர் மெர்ஜில் போடுங்கள். டெக்கரேஷன்காரர்கள் அந்தப் படங்களைத்தான் முதலில் கேட்பார்கள். மனிதர்கள் இருக்கும் படம் என்றால் போட்டோஷாப். ஆட்களின் ஃப்ரேம் கீழே, வாசலின் ஃப்ரேம் மேலே, ஆட்டோ அலைன், மேலே உள்ளதற்குக் கருப்பு மாஸ்க் போட்டு வாசலை மட்டும் திறப்பது. லூமினாசிட்டி மாஸ்க் தெரிந்தவர்கள் கீழ்ப்படத்தின் வெளிச்சப் பகுதியையே மாஸ்க்காக எடுத்துக்கொள்ளலாம், தோரணத்து மாவிலைகளின் இடைவெளிகளை பிரஷ்ஷால் வரைய யாராலும் முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த மாஸ்க்குக்கு வெள்ளை வேட்டியும் வெளிச்சம்தான், மல்லிகைப்பூவும் வெளிச்சம்தான். ஆட்கள் இருக்கும் இடத்தைக் கருப்பு பிரஷ்ஷால் அழித்துவிடாவிட்டால் மாப்பிள்ளையின் வேட்டி சாம்பல் நிறமாகிவிடும்.

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிளெண்டிங் கைவந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, இருக்கும் நிழலை எல்லாம் தூக்கிவிடுவது. கல்யாண ஆல்பத்தில் அதற்கு இன்னொரு பழைய வியாதியும் துணை சேரும்: கருத்த முகத்தை வெளுக்க வைப்பது. முன்பு ஸ்கின் ஸ்மூத் போட்டுச் செய்ததை இப்போது வெளிச்சமான ஃப்ரேமிலிருந்து முகத்தை எடுத்து ஒட்டிச் செய்கிறார்கள், கேட்டால் எக்ஸ்போஷர் பிளெண்டிங் என்கிறார்கள். முகம் மட்டும் ஒரு ஸ்டாப் ஏறி, கழுத்தும் கையும் அப்படியே இருக்கும், உறவுக்காரர்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆட்கள் எல்லோரும் ஒரே ஃப்ரேமிலிருந்து என்ற விதி இதற்கும் ஒரு கடிவாளம். முகத்தை ஏற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகமும் சேர்ந்து ஏறும், அப்போது எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கோயில் கல்யாணங்களில் நான் பெரும்பாலும் கேமராவில் பிராக்கெட்டிங்கைத் தொடுவதே இல்லை. கருங்கல் மண்டபம், மேலே எங்கோ ஒரு திறப்பிலிருந்து விழும் ஒற்றைக் கற்றை, அதற்குள் தம்பதிகள். சுற்றியுள்ள தூண்கள் இருட்டில் போனால் போகட்டும், அந்த இருட்டு இருப்பதால்தான் அது கோயில். அதையும் தூக்கித் தூண் தூணாக யாளியின் பல்லெல்லாம் தெரியும்படி காட்டினால் தொல்லியல் துறைக்கு உதவலாம், கல்யாணப் படத்துக்கு ஆகாது. கற்றைக்குள் முகம் வருமா என்று பார்த்து ஆளை நிறுத்துவதில்தான் அங்கே வேலை. பிராகாரத்து வெயிலும் மண்டபத்து நிழலும் சேர்ந்து வரும் போர்ட்ரெய்ட் மட்டும் விதிவிலக்கு, அதில் ஜோடி அசையாமல் நிற்கும், கோபுரத்துக்கு ஒரு ஃப்ரேம் தனியாக எடுத்துவைப்பதில் நஷ்டமில்லை.

கடைசியாக அச்சு. இவ்வளவு பாடுபட்டு 14 ஸ்டாப்பைப் படத்துக்குள் அடைத்தாலும், பளபளப்பான ஆல்பத் தாளில் வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே கிடைப்பது சுமார் 7 ஸ்டாப், மேட் தாளில் அதைவிடக் குறைவு. எடிட் செய்யும் மானிட்டரின் பிரைட்னஸ் உச்சத்தில் இருந்தால் நிழல் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று நினைத்து விட்டுவிடுவோம், கரிஸ்மா ஆல்பம் வந்ததும் பின்வரிசை அத்தைமார்கள் மறுபடியும் இருட்டில். மானிட்டரை 100, 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு இறக்கி வைத்துக்கொண்டு எடிட் செய்யுங்கள். பிளெண்ட் செய்த படங்கள் ஒரு ஆல்பத்தில் பத்துப் பதினைந்துக்கு மேல் இருக்காது, இருக்கவும் கூடாது. அவற்றில் வாசல் படம் ஒன்று, மேடைப் படம் ஒன்று, சிவப்புப் புடவை நெருக்கமாக உள்ள படம் ஒன்று என்று ஒரே ஷீட்டில் போட்டு, மொத்த ஆல்பத்துக்கு முன்பே லேபில் ஒரு டெஸ்ட் பிரிண்ட் கேளுங்கள். வந்த ஷீட்டை ஆல்பம் எங்கே திறக்கப்படுமோ அப்படிப்பட்ட வெளிச்சத்தில், அதாவது வீட்டுக் கூடத்து டியூப் லைட்டில் வைத்துப் பாருங்கள். வாசல் பேனர்போல் தெரிந்தால் அந்த லேயரின் ஒபாசிட்டியை 70 சதவீதத்துக்கு இறக்கி மறுபடி அனுப்புங்கள்.